விட்டுப்போன பெயர்

செல்போனைப் புத்தர் கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். இதை பஸ்ஸில் வரும்போதே யாத்திரை மேனேஜர் சிதம்பரதாணு மைக்கில் இரண்டு தடவை சொன்னார், ஆவுடைநாயகத்தின் காதில்தான் ஏறவில்லை. காலையில் கயாவில் பிண்டம் வைத்துவிட்டு எழுந்ததிலிருந்து அவர் காதில் எதுவுமே ஏறவில்லை. கவுண்டரில் இருந்த ஆள் கையை நீட்டிக்கொண்டே இருந்தான், பின்னால் நின்ற குஜராத்திக் குடும்பம் முதுகில் இடித்தது, இவரோ போனைப் பிடித்த பிடியை விடாமல் நின்றார். அணைத்துத்தான் கொடுக்க வேண்டுமாம். பதினோரு வருஷமாக அந்தப் போனை அவர் அணைத்ததில்லை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட அன்றுகூட அதை மனைவி வடிவுவின் கையில் கொடுத்து, மடியிலேயே வைத்திரு என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சரில் படுத்தார். வேலை பார்த்தது தொலைபேசி இலாகாவில், முப்பத்தாறு வருஷம். ஊரே வீட்டுப் போனைக் கழற்றிக் கொடுத்துவிட்ட பிறகும் இவர் மட்டும் கொடுக்கவில்லை. காணாமல் போன மகன் குற்றாலநாதனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். அதில் யாராவது கூப்பிட்டால் இந்தச் செல்போனில் மணி அடிக்கும்படி அவரே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அடித்ததெல்லாம் கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்கிற பெண் குரல்கள்தான். இருந்தாலும் இந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டால்? வராது. வராது என்று யார் சொன்னது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். நீர்தான் ஓய் சொன்னீர், காலையில், எள்ளும் தண்ணியுமாக, நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு. “குடுத்துட்டு வாங்க, ஒரு மணி நேரந்தானே” என்றாள் வடிவு. அது அவரைத் திடுக்கிட வைத்தது. வேறு நாளாக இருந்தால் நான் வெளியவே நிக்கேன், போன நாங் கையில வச்சிருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க என்றிருப்பாள். களைப்பாக இருக்கும், காலையில் வெறும் வயிற்றோடு அடுப்பில் புகையைக் குடித்தவள். அவர் போனை அணைத்துக் கொடுத்துவிட்டு அதற்கான டோக்கன் வில்லையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெறுங்காலில் கல் தரை சில்லென்று ஏறியது. கார்த்திகை கடைசி, மூன்றரை மணிக்கே வெயில் சோர்ந்து கிடந்தது. எதிரே கோயில். நம் ஊர்க் கோபுரத்தைப் போலப் பொம்மைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கவில்லை, மாடம் மாடமாக அடுக்கி, மாடத்துக்கு ஒரு புத்தரை உட்காரவைத்து, கூம்பிக்கொண்டே மேலே போயிருந்தது. படி இறங்கிக் கீழே போக வேண்டும். கோயிலுக்கு ஏறித்தான் பழக்கம், இறங்குவது என்னவோ போலிருந்தது. முன்னால் போன தங்கள் பஸ்காரர்கள் கயாவில் எந்தக் காயை விட்டோம், எந்தப் பழத்தை விட்டோம் என்று பேசிக்கொண்டு போனார்கள். பிண்டம் வைத்து முடித்ததும் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று, இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்று விட வேண்டும், அது முறை. பாளையங்கோட்டை வாத்தியார் ஒருவர் கிவிப் பழத்தை விட்டாராம். ஜென்மத்தில் ஒரு தடவைகூடத் தின்றதில்லையாம். ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். பித்ருக்களையே ஏமாற்றுகிற ஆட்கள் என்று இவருக்கும் சிரிப்பு வரத்தான் பார்த்தது, நெஞ்சுக்குழி வரை வந்து நின்றுகொண்டது. இவரும்தான் ஏமாற்றியிருக்கிறார், கிவிப் பழத்தில் இல்லை. வடிவு நாலு படி முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். தோளில் தொங்கிய பைக்குள் மகனுடைய போட்டோ இருந்தது, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டது. இந்த யாத்திரைக்கு அவள் சம்மதித்ததே அதற்காகத்தான். வடக்க எங்கயாவது சாமியாராப் போயிருப்பான், அவனுக்குச் சின்னதுலயே அந்தப் புத்தி உண்டு என்பாள். காசியில் படித்துறை படித்துறையாகக் காட்டினாள், பிரயாகையில் படகுக்காரனிடம் காட்டினாள், அவன் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குப்பொடி இருக்கிறதா என்று கேட்டான். இங்கேயானால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மழித்த தலை. காவி, அரக்கு, சாம்பல் என்று நாட்டுக்கு ஒரு துணி. அவள் பைக்குள் கையை விடவே இல்லை. அதற்குப் பதிலாக இவர்தான் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார், ஆசையில் இல்லை, பயத்தில். இத்தனை வருஷம் எந்த முகம் எதிரே வர வேண்டும் என்று கிடந்தாரோ அந்த முகம் இப்போது வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. வந்து நின்று அப்பா என்று கூப்பிட்டால் என்ன சொல்வது? காலையில்தானடா உனக்குச் சோற்றை உருட்டி வைத்துவிட்டு வந்தேன் என்றா சொல்வது? அதோ அந்தத் தூண் பக்கம் நிற்பவனுக்குக் காது மடல் அவனுடையதைப் போலவே. திரும்பினான். சப்பை மூக்கு, சின்னக் கண், எந்த நாட்டுப் பிள்ளையோ. அவருக்கு மூச்சு வந்தது, மூச்சு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

எல்லாம் அந்தப் பெயரால் வந்தது. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம், எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இவருடைய அப்பா குற்றாலநாத பிள்ளை, ஆகவே மகனும் குற்றாலநாதன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, ஆகவே வடிவு பெற்ற பிள்ளையை ஒரு நாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றும் தம்பி, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போன அன்றும் தம்பி. பையன் பேரு என்னம்மா என்று ரைட்டர் கேட்க, “எங்க மாமா பேருதான் சார்” என்றாள், அந்த மனுஷன் மாமா என்றே எழுதப் போனார். அந்தப் பதற்றத்திலும் அதற்கு ஒரு சிரிப்பு. இன்று காலையில் அந்தப் பெயர்தான் இவர் வாயிலிருந்து வந்தது. வரிசையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதல் பிண்டம் அப்பாவுக்கு, அப்புறம் தாத்தா, பூட்டன், அப்புறம் பத்து மாதம் சுமந்ததற்கு, பாலூட்டியதற்கு, ஈரத் துணியில் படுத்ததற்கு என்று அம்மாவுக்குப் பதினாறு. அம்மா பிண்டத்தில் எல்லாரும் அழுதார்கள், இவரும் அழுதார். அப்புறம் பெரியப்பா, சித்தி, பிள்ளையில்லாமல் போன அக்கா. தட்டில் உருண்டை மிச்சமிருந்தது. சடங்கு செய்துவைத்த வாத்தியார் உரத்த குரலில், “வேற யாராவது விட்டுப்போச்சா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ, இங்க விட்டா விட்டதுதான்” என்றார். அந்தச் சொல்தான் வந்து குத்தியது, விட்டுப்போச்சா. இவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அல்லது பதினோரு வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தாரோ என்னவோ. வாய் தன்பாட்டுக்குக் குற்றாலநாதன் என்றது. உறவு என்றார் வாத்தியார். மகன் என்றது வாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எத்தனை மகன்களைப் பார்த்தவரோ, பெயரைக் கணீரென்று சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். கையும் உருண்டையை எடுத்து வைத்துவிட்டது. எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கியபோதுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். வடிவு பக்கத்தில் இல்லை, சோறு வடித்த உருளியைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். நல்லவேளை. அப்படியே காதில் விழுந்திருந்தாலும்தான் என்ன, மாமனார் பெயர் என்றுதானே நினைத்திருப்பாள். ஒரே பெயர். அப்பாவுக்கே இரண்டாவது உருண்டையும் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால் முடிந்தது, அவரும் சாப்பாட்டுப் பிரியர்தான். ஆனால் உறவைக் கேட்டாரே, மகன் என்றாயே. அங்கேதான் வந்து சிக்கிக்கொண்டது, எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அங்கேயே வந்து சிக்கியது.

கர்ப்பக்கிரகத்துக்குள் தள்ளிக்கொண்டே போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொன்னிறத்தில் புத்தர், யாரையும் பார்க்காமல் எல்லாரையும் பார்க்கிற மாதிரி. கை விரல் ஒன்று தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்ன கும்பிடுவது என்று தெரியாமல் இவர் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி அதைப் பார்த்துத் தானும் போட்டுக்கொண்டாள். நீரும்தானய்யா வீட்டை விட்டுப் போனவர் என்று அவருக்குள் எரிச்சல் கிளம்பியது. சாமி சந்நிதியில் நின்றுகொண்டு இப்படி நினைக்கிறோமே என்று பயமும் கூடவே. பெண்டாட்டி பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனவர், உம்மை ஊரெல்லாம் கோயில் கட்டிக் கும்பிடுகிறது. உம்முடைய அப்பா அன்றைக்குச் சாப்பிட்டாரா என்று யாராவது கேட்டார்களா? ராஜா அவர், நாலு திக்கும் ஆள் அனுப்பியிருப்பார், பையன் இன்ன இடத்தில் மரத்தடியில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறான் என்று எவனாவது வந்து சொல்லியிருப்பான். இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், எலும்பும் தோலுமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் லைன் இன்ஸ்பெக்டர், யாரை அனுப்புவேன்? தினசரியில் படம் போட்டேன். படத்துக்குக் கீழே காணவில்லை என்று போட்டார்கள். ஒரு மாதம் கழித்து அதே பக்கத்தில் பார்த்தேன், அதே அளவில் வேறு ஒரு பிள்ளை. சேவடி பணிகிறேன், புத்தரே, எனக்கு ஞானமெல்லாம் வேண்டாம், காலையில் நடந்ததை நடக்காததாக ஆக்க வழி உண்டா, அதை மட்டும் சொல்லும். பின்னால் நின்ற காவலாளி கையைத் தட்டி, சலோ சலோ என்றான். திரும்பினால் வடிவு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள், உதடு அசையவில்லை. எப்போதும் தம்பிக்கு, தம்பிக்கு என்று முணுமுணுக்கும் உதடு.

பின்பக்கம்தான் புத்தர் ஞானம் பெற்ற அரசமரம். கல் வேலிக்குள் நின்றுகொண்டு, கிளைகளை நாலு பக்கமும் இரும்புக் கம்பத்தில் சாய்த்துக்கொண்டிருந்தது. ஒரு இலை உதிர்ந்தால் அதை எடுக்கப் பத்துப் பேர் எழுந்து ஓடினார்கள். சற்றுத் தள்ளிப் பிட்சுக்கள் பலகை பலகையாகப் போட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள், கைக்குக் கீழே துணி வைத்துச் சறுக்கிக்கொண்டு. முகம் தரையில் பட ஆட்கள் நீட்டிப் படுத்துக் கிடப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. பிணங்களையும் அப்படித்தான் நீட்டி வைத்திருந்தார்கள், ஐந்து தடவை. கோவில்பட்டி, அரக்கோணம், விருதாச்சலம், மறுபடி அரக்கோணம், கடைசியாகத் திண்டுக்கல். தண்டவாளத்தோரம் கிடந்தது, வயது இருபத்தைந்துக்குள், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று போன் வரும். டூட்டி என்று வடிவுவிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போவார். துணியை விலக்குவார்கள். இல்லை என்பார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடிப்பார். அதெல்லாம் சரி, மூன்றாவது தடவை விருதாச்சலத்தில் என்ன நினைத்தாய், அதைச் சொல். துணியை விலக்குவதற்கு முன்னால் ஒரு நொடி, இவனாகவே இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்தாயா இல்லையா? இன்றைக்கே கொண்டுபோய் வைத்து, அழுது, பதினாறாம் நாள் கும்பிட்டு, ராத்திரி தூங்கலாம் என்று. அந்த நினைப்புத்தான் எட்டு வருஷம் உள்ளே கிடந்து இன்று காலை வாய் வழியாக வந்திருக்கிறது. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவர் எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வார், தொடமாட்டார், இன்று தொட்டுவிட்டார். அவன் போன அன்றைக்கு ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தால் காலை பத்து மணிக்குப் பையன் போர்த்திப் படுத்துக் கிடக்கிறான், படிப்பு முடித்து இரண்டு வருஷம், வேலை கிடையாது. இப்படித் தின்னுட்டுக் கெடக்கதுக்கு எங்கயாவது போய்த் தொலையேம்ல என்றார். யார் சொல்லாத சொல் அது? மழையில் விரியாத குடையைத் தொலை என்கிறோம், பாலில் வாய் வைத்த பூனையைத் தொலை என்கிறோம். அவன் எழுந்து முகம் கழுவி, மத்தியானம் சாப்பிட்டு, அம்மாவிடம் “வாரேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான், வார் அறுந்த செருப்போடு. அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை, தொலை என்றேன், தொலைந்தான். அம்மாவிடம் வாரேன் என்று சொன்னதை மட்டும் மறந்துவிட்டான். அல்லது மறக்கவில்லை, இன்னும் வந்துகொண்டிருக்கிறான், எங்கோ வழியில், அதற்குள் அப்பன் முந்திக்கொண்டு பிண்டம் வைத்துவிட்டான். பிண்டம் வாங்கினவன் வீடு திரும்புவானா? கேட்கவும் ஆளில்லை. சிதம்பரதாணுவிடம் கேட்டால் பஸ்ஸுக்கே தெரிந்துவிடும். கல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேலுக்குச் சரியில்லையா?” என்று வடிவு பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றுமில்லை, கால் வலி என்றார். அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். “அங்ஙன விளக்கு ஏத்துதாங்க. நாமளும் ஒண்ணு ஏத்திட்டுப் போவோம்” என்றாள். யாருக்கு என்று இவர் கேட்கவில்லை. கேட்கத் தேவை என்ன, பதினோரு வருஷமாக அவள் ஏற்றுகிற விளக்கெல்லாம் ஒருவனுக்குத்தான். மரத்தைத் தாண்டிக் கண்ணாடிக் கொட்டகை ஒன்றில் நூற்றுக்கணக்கில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வாசலில் சின்ன மேஜை போட்டு அரக்குத் துணி கட்டிய பிட்சு ஒருவர் உட்கார்ந்திருந்தார், முப்பது தாண்டியிருக்கும், மூக்குக் கண்ணாடி. அவன் வயதுதான், ஒன்றிரண்டு கூடக் குறைய. ஒரு விளக்குக்கு ஒரு சீட்டு, அதில் பெயர் எழுதி விளக்கடியில் வைப்பார்கள் போலிருக்கிறது. அவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

“பேரு கேக்காரா?” என்றாள் வடிவு.

“ஆமா.”

“சொல்லுங்க. எனக்கு ஏது அந்தப் பேரு வாயில வர.”

இவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார், ஆபீசில் வயர் கோளாறுக்கு விலாசம் சொல்லிப் பழகிய குரலில். பிட்சு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை நிமிர்த்தி, கீழே அச்சடித்திருந்த இரண்டு கட்டத்தைக் காட்டி இன்னொன்று கேட்டார். ஆவுடைநாயகத்துக்குப் புரிந்தது.

“என்னத்தக் கேக்காரு?”

எதையாவது சொல்லிவிட்டிருக்கலாம், ஊர் கேட்கிறார் என்றோ நட்சத்திரம் கேட்கிறார் என்றோ. வரவில்லை. “உயிரோட இருக்கிறவங்களுக்கா, இறந்துபோனவங்களுக்கான்னு கேக்காரு.” சொன்ன கையோடு அவசர அவசரமாகச் சொன்னார், “அப்பாவுக்குன்னு போட்டுருவோமா வடிவு? ரெண்டு பேருக்கும் ஒரே பேருதானே.”

“மாமாவுக்குத்தான் காலைலயே வச்சாச்சே” என்றாள். குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை, கடையில் என்னென்ன வாங்கியாயிற்று என்று சொல்கிற மாதிரி சொன்னாள். “மொத உருண்டையே மாமாவுக்குத்தான. அத்தைக்குப் பதினாறும் வச்சு, மதினிக்கும் வச்சு முடிச்ச பெறவு, கடைசில எதுக்கு மறுபடியும் அந்தப் பேரு வந்துச்சு?”

பிட்சு பேனாவோடு பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் யாரோ விளக்குக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“வாத்தியாரு சத்தம் குழாயடி தாண்டிக் கேட்டுது. கழுவுன உருளியையே கழுவிக்கிட்டு நின்னேன்.” அவள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். “எந்த ஊர்லங்க?”

“என்ன எந்த ஊர்ல?”

“தம்பிய எந்த ஊர்ல பாத்தீங்க? அரக்கோணத்துலயா? டூட்டி டூட்டின்னுட்டுப் போவீங்க, சட்டைப் பையில அந்த ஊரு டிக்கெட்டு கெடக்கும். வந்தா கொல்லைல கிணத்தடில குளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைப்பீங்க. எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவங்கதான அப்படிக் குளிப்பாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும். ஒவ்வொரு தடவையும் ஒங்க முகத்தத்தான் பாப்பேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லல. அப்ப இல்லன்னு இருந்தேன்.”

“வடிவு, சத்தியமா நான் அவனப் பாக்கல. எங்கயும் பாக்கல. எனக்கு ஒண்ணுந் தெரியாது. வாத்தியாரு விட்டுப்போச்சான்னு கேட்டாரு, வாய் தவறி...”

“வாய் தவறி யாராவது பெத்த பிள்ளைக்குப் பிண்டம் வைப்பாங்களா?” அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், கல்யாணத்துக்கு அப்புறம் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை. “எனக்காகத்தான் மறைச்சீங்க, எனக்குத் தெரியாதா? இத்தன வருஷம் ஒத்தைல வச்சுக்கிட்டு எப்படித்தான் இருந்தீங்களோ. போதும். இனிமே மறைக்காண்டாம். போனவங்கள்லயே போடச் சொல்லுங்க, தம்பி நல்ல வழியில போவட்டும்.”

பார்க்கவில்லை, பார்க்கவில்லை, ஐந்து தடவையும் இல்லை என்றுதான் சொன்னேன், நானும் உன்னைப் போலத்தான், எனக்கும் ஒன்றும் தெரியாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் இனி அவள் நம்பப் போவதில்லை, பாவம் மனுஷன் மறைக்கிறார் என்றுதான் நினைக்கப் போகிறாள். அவன் எங்கேயோ இருக்கிறான் என்று பதினோரு வருஷமாக அசையாமல் நம்பியவள், இவருடைய ஒரு உருண்டைச் சோற்றை நம்பி அவனைச் சாகக் கொடுத்துவிட்டாள். கொன்றது நான்தான், ஒரு தடவை தொலை என்று சொல்லி, இன்னொரு தடவை பேர் சொல்லி. பிட்சு மறுபடியும் மெதுவாகக் கேட்டார். வடிவு இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கு மேல் தெரியாது, எந்தக் கட்டம் எது என்று தெரியாது. ஆவுடைநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “லிவிங்” என்றார். பிட்சு முதல் கட்டத்தில் கோடு இழுத்தார். இழுத்துவிட்டு இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

“போட்டாரா?”

“போட்டாச்சு.”

“போனவங்கள்லதான?”

“ஆமா, நீ சொன்னதுலதான்.”

அவள் விளக்கை ஏற்றினாள். திரி பிடித்துக்கொள்ளச் சற்று நேரம் ஆனது. சீட்டை விளக்கடியில் வைத்துவிட்டுக் கொட்டகை வாசலில் அப்படியே உட்கார்ந்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அதற்கும் அடங்காமல் வெடித்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக ஒரு நல்ல நாள் பொல்லாத நாளில்கூட அழாதவள், உயிரோடிருக்கிற பிள்ளைக்கு அழுதால் ஆகாது என்று தொண்டையிலேயே வைத்திருந்தவள், மாரில் அடித்துக்கொண்டு, “என்னப் பெத்த ஐயா, குத்தாலநாதா” என்று பேர் சொல்லி அழுதாள். போகிற வருகிற பிட்சுக்கள் நின்று கைகூப்பினார்கள். சிதம்பரதாணு தூரத்தில் கையை உயர்த்தி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஜாடை காட்டினார். ஆவுடைநாயகம் அவள் பக்கத்தில் நின்றார். குனிந்து அவள் தோளைத் தொட வேண்டும், கூட உட்கார்ந்து அழ வேண்டும், அதுதான் முறை, அப்பன் அழாமல் யார் அழுவது என்று தோன்றியது. கண் எரிந்தது. ஆனால் அவனை இருக்கிறவனாக எழுதிவிட்டு வந்திருக்கிறார். இருக்கிறவனுக்கு எப்படி அழுவது?